விளக்கு எரியுதா? சென்சரை மாத்துறதுக்கு முன்னாடி வயரைப் பாருங்க!

(வேன் உரிமையாளர்கள், ஓட்டுநர்களுக்கான சாலைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மெக்கானிக் இல்லை. தகவல் துறையில் எழுதுகிற வேலை. ஆனால் எங்க அப்பா வாடகை வேன் ஓட்டுகிறவர். வேன் நின்றால் வீடு நின்றுவிடும் என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

ஒருநாள் எங்க வேனில் மஞ்சள் நிற ஏ.பி.எஸ். விளக்கு எரிந்தது. ஒர்க்‌ஷாப்பில் பார்த்துவிட்டு, “முன்பக்கம் இடது சக்கர ஸ்பீடு சென்சர் போயிடுச்சு” என்றார்கள். சென்சர், கூலி எல்லாம் சேர்த்து 3,400 ரூபாய். பத்தே நாளில் மறுபடியும் அதே விளக்கு. அப்பா வெறுத்துப்போய் அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டார். “பிரேக் நல்லாத்தானே பிடிக்குது” என்றார்.

அடுத்த மழையில் ஒரு மாடு குறுக்கே வந்தது. பிரேக்கை அழுத்தியதும் சக்கரம் லாக் ஆகி, ஸ்டீயரிங்கைத் திருப்பியும் வண்டி நேராகவே வழுக்கிக்கொண்டு போய் ரோட்டோரப் பள்ளத்தில் இறங்கி நின்றது. உள்ளே ஒரு குடும்பமே இருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிறகு பொறுமையாகத் தேடியதில் என்ன தெரிந்தது தெரியுமா? சென்சர் நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் போகும் வயரை எலி கடித்திருந்தது!

அதனால்தான் இன்றைக்கு இதைப் பேச வந்தேன். விளக்கு எரிந்தால் அதை மறைக்காதீங்க. அதே நேரம், எரிந்த உடனே சென்சரையும் வாங்காதீங்க. முதலில் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கணும்.

சென்சர் என்ன செய்கிறது?

பழைய மாருதி ஆம்னி ஓட்டியவர்களுக்கு ஸ்பீடோமீட்டர் கேபிள் ஞாபகம் இருக்கும். கியர்பாக்ஸிலிருந்து கேபிள் சுற்றும், முள் ஏறும். பிறகு வந்த வண்டிகளில் அந்த இடத்துக்கு ஸ்பீடு சென்சர் வந்தது. கியர்பாக்ஸில் உட்கார்ந்து, வண்டியின் வேகத்தை மின் துடிப்பாக மீட்டருக்கும் இன்ஜின் கம்ப்யூட்டருக்கும் அனுப்பும்.

ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் சக்கரத்துக்கு ஒன்று என்று பொதுவாக நாலு சென்சர் இருக்கும். 2019 ஏப்ரல் முதல் விற்கும் கார் வகை வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம். பிரேக் போடும்போது எந்தச் சக்கரம் திடீரென நிற்கப் போகிறது என்று சென்சர்தான் சொல்லும். உடனே அந்தச் சக்கரத்தின் பிரேக்கை ஏ.பி.எஸ். யூனிட் விட்டு விட்டுப் பிடிக்கும். தகவல் வராவிட்டால் ஏ.பி.எஸ். தன்னை நிறுத்திக்கொண்டு விளக்கைப் போட்டுவிடும். சாதாரண பிரேக் வேலை செய்யும். ஆனால் ஈர ரோட்டில் சக்கரம் லாக் ஆனால் காப்பாற்ற ஆள் இல்லை.

ஒரு எச்சரிக்கை: மஞ்சள் விளக்கோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் வண்டியை ஓட்டாதீங்க. ஓரமாக நிறுத்தி, மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

அறிகுறியைக் கவனியுங்க

ஏ.பி.எஸ். விளக்கு மட்டும் எரிகிறது, ஸ்பீடோமீட்டர் சரியாக ஓடுகிறது என்றால், சக்கர சென்சர் பக்கம் பாருங்கள்.

முள் குதிக்கிறது, அல்லது பூஜ்யத்திலேயே நிற்கிறது, கிலோமீட்டரும் ஓடவில்லை என்றால், கியர்பாக்ஸ் சென்சர் பக்கம் பாருங்கள். சில புது வண்டிகளில் மீட்டருக்கான வேகமும் சக்கர சென்சரிலிருந்தே போகும். அங்கே இரண்டும் சேர்ந்தே கெடலாம்.

காய்ந்த ரோட்டில் மெதுவாக நிறுத்தும்போது பிரேக் பெடல் காலுக்குக் கீழே தடதடவென்று அதிர்ந்தால், சென்சர் முனையில் அழுக்கு, துரு, அல்லது பல் வளையத்தில் விரிசல் இருக்கலாம்.

வீட்டிலேயே கண்டுபிடிப்பது எப்படி?

1. செலவில்லாத சோதனை. ஏ.பி.எஸ். ஃபியூஸைப் பாருங்கள். பேட்டரி வோல்ட் பாருங்கள்: இன்ஜின் ஆஃபில் சுமார் 12.5, ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை இருக்கணும். நாலு டயரும் ஒரே அளவா, காற்று சரியா என்றும் பாருங்கள். டயர் அளவு மாறினால் சக்கரம் சுற்றும் வேகமும் மாறும், கம்ப்யூட்டர் குழம்பும்.

2. கோடு படிப்பது. ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் உள்ள ஓ.பி.டி. சாக்கெட் இருக்கும். புளூடூத் ஸ்கேனரை அதில் செருகினால் கோளாறு கோடு உங்கள் செல்போனிலேயே தெரியும். ஆனால் விலை குறைந்த ஸ்கேனர்கள் பல இன்ஜின் கோடு மட்டும்தான் படிக்கும். ஏ.பி.எஸ். கோடும் படிக்குமா என்று கேட்டு வாங்குங்கள். பொதுவான கோடுகளில் சி0035 முன் இடது, சி0040 முன் வலது, சி0045 பின் இடது, சி0050 பின் வலது. சில கம்பெனிகள் வேறு எண் வைத்திருக்கும்; வண்டியின் சர்வீஸ் புத்தகத்தோடு சரிபாருங்கள். வண்டி வேக சென்சருக்கு 0500 என்ற எண், முன்னால் பெட்ரோலுக்கு வரும் ‘பி’.

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறோம். கோடு என்பது “இந்தச் சக்கரத்தின் லைனில் கோளாறு” என்று மட்டும்தான் சொல்கிறது. அந்த லைனில் சென்சர் இருக்கு, வயர் இருக்கு, கனெக்டர் இருக்கு, பல் வளையமும் இருக்கு. “சென்சரை மாற்று” என்று அது சொல்லவே இல்லை.

3. கண்ணால் பார்ப்பது. சாவியை எடுத்துவிட்டு, வயரைச் சக்கரத்திலிருந்து உள்ளே வரை தடவிப் பாருங்கள். எலி கடி, டயரில் உரசிய இடம், கிளிப் கழன்று தொங்கும் இடம் கண்ணில் படும். கனெக்டரைப் பிரித்தால் பச்சைத் துரு பிடித்திருக்கிறதா, தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். சென்சர் முனையில் இரும்புத் தூள் ஒட்டியிருந்தால் துணியால் துடைத்தாலே சரியாகிவிடும்.

4. மல்டிமீட்டர். சக்கர சென்சரில் இரண்டு வகை உண்டு. பழைய வகை வெறும் காயில். கனெக்டரைக் கழற்றி ஓம்ஸ் பார்த்தால் பொதுவாக 800 முதல் 2,000 வரை காட்டும். வண்டிக்கு வண்டி மாறும், அதனால் எதிர்ப்பக்க சென்சரோடு ஒப்பிடுங்கள். மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது.

புது வகை, கரண்ட் வாங்கி வேலை செய்யும். இதில் ஓம்ஸ் பார்க்கக் கூடாது, சென்சரே கெடலாம். உங்கள் வண்டியில் எந்த வகை என்று சர்வீஸ் புத்தகத்தில் பாருங்கள். புது வகைக்குக் கனெக்டரைக் கழற்றி, சாவியைப் போட்டு, வண்டிப் பக்கம் உள்ள இரண்டு பின்னுக்கும் இடையே டி.சி. வோல்ட் பாருங்கள். பேட்டரி அளவுக்கு நெருக்கமாக வரணும். வரவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் வயரிங்கிலோ யூனிட்டிலோ இருக்கும். புது சென்சர் போட்டாலும் விளக்கு அணையாது.

மாற்றுவது எப்படி?

வயர், கனெக்டர், வோல்ட் எல்லாம் சரி, சென்சர்தான் என்று உறுதியானால் மட்டும் மாற்றுங்கள்.

• வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, மற்ற சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுங்கள். சக்கர நட்டைத் தரையில் இருக்கும்போதே தளர்த்துங்கள். ஜாக்கியில் தூக்கியதும் ஸ்டாண்ட் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகவே கூடாது.

• பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். கனெக்டர் பூட்டை அழுத்தி எடுங்கள். சென்சரை ஒரே ஒரு சின்ன போல்ட்தான் பிடித்திருக்கும்.

• துரு பிடித்து வரவில்லையா? துரு நீக்கும் ஸ்பிரே அடித்து, கொஞ்ச நேரம் விட்டு, இடம் வலமாக அசைத்து எடுங்கள். சுத்தியலால் தட்டினால் பாதி உடைந்து துளைக்குள்ளேயே நின்றுவிடும்.

• துளையையும் உட்காரும் இடத்தையும் சுத்தம் செய்யுங்கள். பல் வளையத்தைச் சக்கரத்தைச் சுற்றி முழுவதும் பாருங்கள். சில வண்டிகளில் பல்லுக்குப் பதில் பேரிங்கிலேயே காந்த வளையம் இருக்கும். அதன் பக்கத்தில் காந்தத்தைக் கொண்டு போகாதீங்க.

• புது சென்சரை அழுத்தி முழுமையாக உட்கார வைத்து, போல்ட்டை அளவாக இறுக்குங்கள். வயரைப் பழைய கிளிப்புகள் வழியாகவே கொண்டு போங்கள். முன்சக்கரம் என்றால் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து, வயர் இழுபடவில்லை என்று பாருங்கள்.

• கியர்பாக்ஸ் சென்சர் என்றால் கொஞ்சம் ஆயில் ஒழுகும், கீழே பாத்திரம் வையுங்கள். ஓ-ரிங் புதுசாகப் போடுங்கள்.

• சக்கர நட்டுகளை எதிரெதிராக இறுக்குங்கள். 50 கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை சரிபாருங்கள்.

கடைசியாக ஸ்கேனரில் கோடை அழித்துவிட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் 20, 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். விளக்கு அணைந்து, அணைந்தபடியே இருந்தால்தான் வேலை முடிந்தது.

நீங்களே செய்யக்கூடாதது

பேரிங்கோடு சேர்ந்த சென்சர், ஏ.பி.எஸ். யூனிட், பிரேக் ஆயில் குழாய்: இவற்றை ஒர்க்‌ஷாப்புக்கு விட்டுவிடுங்கள். வாரண்டியில் இருக்கும் வண்டியையும் பிரிக்காதீங்க. வாடகை வண்டியில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியின் சீலைத் தொடவே கூடாது. பள்ளி வேன் ஓட்டும் அண்ணன்களுக்கு ஒரு வேண்டுகோள்: சோதனை நீங்கள் செய்யுங்கள், மாற்றும் வேலையை ஒர்க்‌ஷாப்பில் பில்லோடு செய்யுங்கள். உள்ளே இருப்பது ஊர்ப் பிள்ளைகள்.

எஃப்.சி. சமயத்தில் “பல்பைக் கழற்றிடலாம்ணே” என்று யாராவது சொல்வார்கள். எஃப்.சி. சோதனைப் பட்டியலில் பிரேக்கும் உண்டு, ஸ்பீடோமீட்டரும் உண்டு. வாடகை வண்டிக்கு 8 வருஷம் ஆகும் வரை 2 வருஷத்துக்கு ஒருமுறை, அதன்பிறகு வருஷா வருஷம் எஃப்.சி. எடுக்கணும். உங்கள் தேதி எம்பரிவாகன் செயலியில் தெரியும். ஒரு மாதம் முன்பே பார்த்துக்கொண்டால், கோளாறை மறைக்க வேண்டியதில்லை, சரிசெய்ய நேரம் இருக்கும்.

ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் மூன்றைக் கேளுங்கள்: என்ன கோடு வந்தது, கழற்றிய பழைய பாகம் எங்கே, பில் எங்கே. இதைக் கேட்பது உங்கள் உரிமை. பணம் வாங்கிக்கொண்டு சரியாகச் செய்து தரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதற்குக் கையில் பில் இருக்கணும். எங்க அப்பாவிடம் அன்றைக்கு அது இல்லை.

இப்போது எங்க வேனில் அந்த டேப் இல்லை. சாவியைப் போட்டதும் விளக்கு எரிந்து, சில நொடிகளில் அணைகிறதா என்று அப்பா தினமும் பார்க்கிறார். நீங்களும் நாளைக் காலையில் வண்டியை எடுக்கும்போது அந்தச் சில நொடி காத்திருந்து பாருங்கள்.