சிட்டமும் பூகோளமும்



நூற்பாலையின் பரிசோதனை அறைக்குள் சென்றால், மேசைமீது ஒன்றரை கஜச் சுற்றளவுள்ள சிறு ராட்டினம் ஒன்றைக் காணலாம். அதில் எண்பது சுற்று நூல் சுற்றினால் 120 கஜம் கொண்ட ஒரு 'லீ' ஆகும். ஏழு லீ சேர்ந்தால் 840 கஜம் கொண்ட ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் அடங்குகிறதோ, அதுவே அந்நூலின் நம்பர். இங்கிலாந்தின் பருத்தித் தொழிலில் நிலைபெற்று, இயந்திரங்களோடு கப்பலேறி வந்து, கோயம்புத்தூர் ஆலைகளிலும் நம் நெசவாளர் வீடுகளிலும் அன்றாடப் பேச்சாகிவிட்ட இந்த அளவைக் கொண்டு பூகோளத்தை அளந்து பார்ப்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம்.

பூமத்திய ரேகையின் சுற்றளவு ஏறக்குறைய 40,075 கிலோமீட்டர். ஒரு சிட்டம் 768 மீட்டருக்குச் சற்று மேல். வகுத்துப் பார்த்தால் 52,174 சிட்டம் வருகிறது. 40-ஆம் நம்பர் நூலாயின் இதன் எடை சுமார் 1,304 பவுண்டு. 100-ஆம் நம்பர் நூலாயின் 522 பவுண்டு, அதாவது 237 கிலோ. உலகை ஒரு முறை சுற்றி வளைக்கும் நூலை ஒரு மாட்டுவண்டி சிரமமின்றி இழுத்துச் சென்றுவிடும்! பட்டுத்தொழிலில் வழங்கும் டெனியர் முறையில், 9,000 மீட்டர் நீளம் ஒரு கிராம் எடையுள்ள இழைக்கே ஒரு டெனியர் என்று பெயர். அத்தகைய இழை நாலரைக் கிலோவுக்கும் சற்றுக் குறைவாகவே போதும்.

இவ்விதக் கணக்குகள் வெறும் வினோதமல்லவா என்று சிலர் நினைக்கக்கூடும். நான் அவ்விதம் கருதவில்லை. பேரளவுகளின் நுட்பம் சிற்றளவுகளில் வைத்துப் பார்க்கும்போதே நம் புத்திக்கு எட்டுகிறது என்பது என் திடமான அபிப்பிராயம். பூமி துருவங்களில் தட்டையானது என்று நியூட்டனும், இல்லை, துருவங்களை நோக்கி நீண்டது என்று பாரிஸ் நகரத்து வானியலாளரான காசினி குடும்பத்தாரும் கொண்ட விவாதத்தைத் தீர்க்க, 1735-இல் அன்றைய பெரு நாட்டுக்கு ஒரு குழுவும், அடுத்த ஆண்டு பிரெஞ்சு விஞ்ஞானி மோபெர்த்துயி தலைமையில் லாப்லாந்தின் பனிப்பிரதேசத்துக்கு மற்றொரு குழுவும் சென்று, சொல்லொணாத் துன்பங்களை அனுபவித்து அளந்து வந்த அந்த வித்தியாசம் எவ்வளவு? பூமத்திய ரேகைச் சுற்றளவுக்கும் துருவங்களின் வழியே செல்லும் சுற்றளவுக்கும் உள்ள பேதம் 67 கிலோமீட்டர். நம் கணக்கில் 87 சிட்டம். 100-ஆம் நம்பர் நூலில் ஒரு பவுண்டுகூட இல்லை, 400 கிராமுக்கும் சற்றுக் குறைவு. நியூட்டனின் பக்ஷமே ஜயித்தது.

இன்னும் நுட்பமான தராசு ஒன்றுண்டு. பிரெஞ்சு வானியலாளர்களான தெலாம்பரும் மெஷெனும் 1792 முதல் 1798 வரை, பிரெஞ்சுப் புரட்சியின் கலவரங்களுக்கிடையே, டன்கர்க்கிலிருந்து பார்சிலோனா வரை அளந்த அளவையை ஆதாரமாக வைத்தே, துருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரையுள்ள தூரத்தில் கோடியில் ஒரு பங்கு மீட்டர் என்று வகுக்கப்பட்டது. அவ்வாறாயின் துருவச் சுற்று சரியாக 40,000 கிலோமீட்டர் இருக்கவேண்டும். உண்மையில் அது சுமார் 40,008. உலகம் முழுமைக்கும் சேர்த்து அவர்கள் விட்ட பிழை பத்துச் சிட்டம் நூல்; 100-ஆம் நம்பரில் ஐம்பது கிராமுக்கும் குறைவு. இதை எண்ணும்தோறும் அவ்விருவரையும் கைகூப்பி வணங்கத் தோன்றுகிறது.

பூமியினின்று பிறந்த அந்த மீட்டரை முதலில் எதிர்த்தவர்களுள் ஜவுளிக்கடைக்காரரும் அடங்குவர். பாரிஸ் நகரத்தார் துணியை 'ஓன்' என்னும் கோலால் அளந்து பழகியவர்கள். அது சுமார் 119 சென்டிமீட்டர். ஜனங்களின் வழக்கத்துக்கு இணங்கி 1812-இல் நெப்போலியனின் அரசாங்கம் 120 சென்டிமீட்டர் நீளமுள்ள புதிய ஓனை அனுமதித்தது. 1840-இல்தான் மீட்டர் ஒன்றே சட்டமாயிற்று. பழைய ஓனும் புதிய ஓனும் பெயரில் ஒன்றே, நீளத்தில் வேறு. 'எல்' என்ற கோலின் கதையும் இதுவே: பிளாண்டர்ஸில் 27 அங்குலம், ஸ்காட்லாந்தில் 37, இங்கிலாந்தில் 45. பூமத்திய ரேகையை ஆங்கில எல்லால் அளந்தால் மூன்று கோடியே ஐம்பது லட்சம். பிளாண்டர்ஸ் எல்லால் அளந்தால் ஐந்து கோடியே எண்பத்து நான்கு லட்சம். ஊரும் ஆண்டும் சொல்லாமல் ஒரு பழைய அளவை மாற்றிக் கொடுப்பவர் கணிதம் செய்தவராகார்.

நம் தேசத்திலும் நூலின் நீளம் ஒரு காலத்தில் பெரும் பொருள் பெற்றிருந்தது. 1924-இல் காந்தியடிகள் தலைமை வகித்த பெல்காம் காங்கிரஸ், மாதந்தோறும் 2,000 கஜம் நூலை உறுப்பினர் செலுத்தவேண்டிய சந்தாவாக விதித்தது. ஓர் ஆண்டுக்கு 24,000 கஜம், ஏறத்தாழ 22 கிலோமீட்டர். விதிப்படி நூற்ற 1,827 பேரின் ஓராண்டு உழைப்பை ஒன்றோடொன்று முடிந்தால் அது பூமியைச் சுற்றிவிடும். ஒரு சிறு பட்டணத்து ஜனத்தொகைகூட வேண்டியதில்லை.

மெட்ரிக் முறை நம் நாட்டில் சட்டமானது 1956-இல். அதன் பின்னர் கஜக்கோல்கள் மூலையில் சாய்ந்தன. பல அடுப்புக்கும் போயின. கடைகளிலும் தறிக்கூடங்களிலும் எஞ்சியிருப்பவை இன்னும் உண்டு. உங்கள் இல்லத்தில் அத்தகைய கோல் ஒன்றிருப்பின், அதை மில்லிமீட்டரில் அளந்து, எந்த ஊரில், எக்காலத்தில், எந்தத் துணிக்குப் பயன்பட்டது என்பதையும் உடன் எழுதி, அருகிலுள்ள நூலகத்துக்கோ கல்லூரிக்கோ ஒரு பிரதி கொடுத்து வையுங்கள் என்று உங்கள் அனைவரையும் வேண்டிக்கொள்கிறேன்.