தோற்பதற்கும் ஒரு மேட்ச் வேண்டும்

இன்றைக்கு ரக்பி பற்றிப் பேசப் போகிறேன். "ரக்பியா? நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று உடனே அடுத்த எபிசோடுக்குத் தாவிவிடாதீர்கள். ரெண்டு நிமிஷம் கொடுங்க. முதலில் எங்கள் தெருக் கதை ஒன்று சொல்கிறேன்.

நான் எட்டாவது படிக்கும்போது எங்கள் தெருவில் ஒரு டென்னிஸ் பால் கிரிக்கெட் டீம் இருந்தது. வருஷத்துக்கு ஒரே ஒரு டோர்னமென்ட்தான் ஆடுவோம், பொங்கலுக்கு. காலையில் ஒன்பது மணிக்குப் போவோம். பத்தரைக்கு வீட்டில் இருப்போம். முதல் ரவுண்டிலேயே அவுட். மூன்று வருஷம் இப்படித்தான். மெயின் ரோடு டீமிடம் போய், "ஞாயித்துக்கிழமை ஒரு மேட்ச் போடலாமாண்ணா?" என்று கேட்டால், "உங்களோட ஆடி எங்களுக்கு என்னடா பிராக்டிஸ் கிடைக்கப் போகுது? முதல்ல நல்லா ஆடக் கத்துக்கிட்டு வாங்க" என்பார்கள்.

நல்லா ஆடக் கத்துக்கணும்னா அவங்களோட ஆடணும். அவங்களோட ஆடணும்னா முதல்லயே நல்லா ஆடத் தெரிஞ்சிருக்கணும். எங்கே போவது?

உலக ரக்பியில் பல வருஷமாக நடப்பது இந்தக் கதைதான்.

ஆட்டத்தைப் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: பக்கத்துக்கு 15 பேர், 80 நிமிஷம், எதிராளியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் 'டிரை', அதற்கு 5 பாயின்ட். பெரிய டீம்கள் என்று பத்து நாடுகளைச் சொல்வார்கள். ஐரோப்பாவில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து, பிரான்ஸ், இத்தாலி. இவர்கள் வருஷா வருஷம் ஆடுவது சிக்ஸ் நேஷன்ஸ். தெற்கே நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, அர்ஜென்டினா. இவர்கள் ஆடுவது ரக்பி சாம்பியன்ஷிப். இந்த இரண்டிலும் கடைசி இடம் பிடித்தவரை வெளியே அனுப்பும் வழக்கம் கிடையாது. கீழே இருக்கும் ஒரு நாடு ஜெயித்து ஜெயித்து உள்ளே வருவதற்கும் வழி இல்லை. மற்றவர்களுக்கு நாலு வருஷத்துக்கு ஒரு உலகக்கோப்பை. அதாவது, எங்கள் பொங்கல் டோர்னமென்ட்.

சரி, அந்த உலகக்கோப்பையில் என்ன நடக்கும்? 1995, தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபோன்டைன் நகரம். நியூசிலாந்து 145, ஜப்பான் 17. நியூசிலாந்து தன் முக்கிய வீரர்கள் பலருக்கு அன்றைக்கு ஓய்வு வேறு கொடுத்திருந்தது! இப்படி ஒரு ஸ்கோர் வந்தால் உடனே ஒரு குரல் கேட்கும்: "இவங்களை எல்லாம் எதுக்குக் கூப்பிடறீங்க?"

அதே ஜப்பான், 2015, இங்கிலாந்தின் பிரைட்டன். இரண்டு முறை உலகக்கோப்பை வென்ற தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான ஆட்டம். கடைசி நிமிடங்களில் ஜப்பான் 29, தென்னாப்பிரிக்கா 32. ஜப்பானுக்கு ஒரு பெனால்டி கிடைக்கிறது. உதைத்தால் 3 பாயின்ட், மேட்ச் டிரா. ஜப்பானுக்கு அதுவே பெரிய விஷயம். ஆனால் கேப்டன் மைக்கேல் லீச் உதைக்க வேண்டாம் என்று ஸ்க்ரம் கேட்கிறார். சற்று நேரத்தில் கார்ன் ஹெஸ்கெத் ஓரமாகப் பாய்ந்து டிரை போடுகிறார். 34-32. யூடியூபில் இருக்கிறது, தேடிப் பாருங்கள். எனக்கு இன்னும் உடம்பு சிலிர்க்கும்.

எல்லோரும் அதை 'மிராக்கிள்' என்றார்கள். எனக்கு அந்த வார்த்தையில் உடன்பாடு இல்லை. நடுவில் இருபது வருஷம் என்ன நடந்தது என்று பாருங்கள். 2003-ல் கம்பெனி அணிகளை வைத்து டாப் லீக் என்ற தேசிய லீக்கைத் தொடங்கினார்கள். 2006 முதல் ஃபிஜி, சமோவா, டோங்காவோடு பசிபிக் நேஷன்ஸ் கோப்பை. ஆரம்பத்தில் அடி மேல் அடி. 2011-ல் அந்தக் கோப்பையை ஜெயித்தார்கள். 2013-ல் டோக்கியோவுக்கு வந்த வேல்ஸை 23-8 என்று தோற்கடித்தார்கள். அதற்குப் பிறகுதான் பிரைட்டன். 2019-ல் சொந்த மண்ணில் அயர்லாந்தையும் ஸ்காட்லாந்தையும் வீழ்த்தி கால் இறுதிக்குப் போனார்கள். வருஷா வருஷம் ஆட மேட்ச் இருந்தது, அதனால் வளர்ந்தார்கள்.

இதைவிடத் தெளிவான உதாரணம் அர்ஜென்டினா. 2007 உலகக்கோப்பையில் பிரான்ஸை அதன் மண்ணிலேயே இரண்டு முறை தோற்கடித்து மூன்றாம் இடம் வாங்கினார்கள். அப்போதும் பெரிய டீம்களோடு ஆட அவர்களுக்கென்று வருடாந்திரப் போட்டி எதுவும் இல்லை. 2012-ல்தான் தெற்கின் மூன்று பெரிய டீம்களோடு சேர்த்துக்கொண்டார்கள். முதல் வருஷம் ஒரு டிரா, ஐந்து தோல்வி. இரண்டாம் வருஷம் ஆறும் தோல்வி. மூன்றாம் வருஷம் முதல் ஐந்தும் தோல்வி. பதினெட்டாவது மேட்சில், மென்டோசா நகரத்தில், ஆஸ்திரேலியாவை 21-17 என்று ஜெயித்தார்கள். 2020-ல் வரலாற்றில் முதல்முறையாக நியூசிலாந்தை வென்றார்கள். 2022-ல் நியூசிலாந்து மண்ணிலேயே வென்றார்கள்.

பதினேழு மேட்ச் ஜெயிக்காத டீமை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. அந்தப் பதினேழும் அவர்களுக்குப் பள்ளிக்கூடம் மாதிரி.

இத்தாலியை எடுத்துக்கொள்ளுங்கள். 2000-ல் சிக்ஸ் நேஷன்ஸில் சேர்ந்தார்கள். 2015-க்குப் பிறகு அந்தப் போட்டியில் தொடர்ந்து 36 தோல்வி. நல்லாக் கேட்டுக்கோங்க, முப்பத்தாறு! 2022 மார்ச்சில் கார்டிஃபில் வேல்ஸை 22-21 என்று ஜெயித்துத்தான் அது முடிந்தது. 2024-ல் ஸ்காட்லாந்தையும் வேல்ஸையும் வென்று, பிரான்ஸோடு டிரா செய்தார்கள். இத்தாலியைக் கிண்டல் செய்ய இதைச் சொல்லவில்லை. முப்பத்தாறு தடவை விழுந்தும் மறுபடி எழுந்து ஆட ஒரு இடம் அவர்களுக்கு இருந்தது.

அந்த இடம் கிடைக்காத நாடுதான் ஜார்ஜியா. அமெரிக்க மாநிலம் இல்லை, கருங்கடல் ஓரத்தில் இருக்கும் நாடு. அங்கே லேலோ என்று ஒரு பழைய கிராமத்து ஆட்டம் உண்டு. ஷுகுதி என்ற கிராமத்தில் ஈஸ்டர் அன்று இன்றைக்கும் ஆடுகிறார்கள். சுமார் 16 கிலோ எடையுள்ள தோல் பந்து. கிராமத்தின் மேல் பாதியும் கீழ் பாதியும் மோதும். ஜெயித்தவர்கள் அந்தப் பந்தைக் கொண்டுபோய் இறந்துபோன ஊர்க்காரர் ஒருவரின் கல்லறையில் வைப்பார்கள். ரக்பியின் 'டிரை'க்கு ஜார்ஜிய மொழியில் பெயரே லேலோதான். நம்ம ஊரில் கபடி எப்படி ரத்தத்தில் இருக்கிறதோ, அப்படி.

ஐரோப்பாவின் இரண்டாம் நிலைப் போட்டியில் 2018 முதல் 2025 வரை எல்லா வருஷமும் சாம்பியன் ஜார்ஜியாதான். 2022 ஜூலையில் பாட்டுமி நகரத்தில் இத்தாலியை 28-19 என்று வென்றார்கள். அதே நவம்பரில் கார்டிஃபுக்கே போய் வேல்ஸை 13-12 என்று வென்றார்கள். அந்தச் சனிக்கிழமை நான் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து தனியாகக் கத்திக்கொண்டிருந்தேன். அம்மா வந்து, "யாருடா ஜெயிச்சது, இந்தியாவா?" என்று கேட்டார். "இல்லம்மா, ஜார்ஜியா." ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

ஒரே வருஷத்தில் சிக்ஸ் நேஷன்ஸ் டீம்கள் இரண்டைத் தோற்கடித்தாயிற்று. கதவு திறந்ததா? இல்லை. அந்தப் போட்டி அந்த ஆறு நாட்டு யூனியன்களும் ஒரு முதலீட்டு நிறுவனமும் பங்கு வைத்திருக்கும் சொத்து. யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்வது உள்ளே இருப்பவர்கள்தான்.

எதிர்த்தரப்பு வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். "2023 உலகக்கோப்பையில் ஜார்ஜியா ஒரு மேட்ச்கூட ஜெயிக்கவில்லையே?" உண்மைதான். போர்ச்சுகலோடு டிரா, மற்ற மூன்றும் தோல்வி. அதிலும் ஃபிஜியிடம் முன்னணியில் இருந்துவிட்டு 17-12 என்று விட்டார்கள். நெருக்கடியான கடைசி இருபது நிமிஷத்தை எப்படி ஆடுவது என்பது ஜிம்மில் வராது. பெரிய டீம்களோடு அடிக்கடி ஆடினால்தான் வரும். அதனால் அந்தத் தோல்வியை நான் ஜார்ஜியாவுக்கு எதிரான சாட்சியாகப் பார்க்கவில்லை.

போர்ச்சுகல் கதை இன்னும் வலிக்கும். அதே 2023-ல், துலூஸ் நகரத்தில், ஃபிஜியை 24-23 என்று வீழ்த்தினார்கள். உலகக்கோப்பையில் அவர்களுடைய முதல் வெற்றி. மைதானத்தில் அழுதவர்களைப் பார்த்து உலகமே கைதட்டியது. இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. 2025 ஜூலையில் லிஸ்பனில் அயர்லாந்து 106, போர்ச்சுகல் 7. இதற்குக் காரணம் ஒன்றே ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கைதட்டலை மட்டும் கொடுத்துவிட்டுத் தொடர்ந்து மேட்ச் கொடுக்காமல் விட்டால், அந்த ஒரு நாள் அப்படியே நின்றுவிடும்.

காசு விஷயமும் இருக்கிறது. வழக்கப்படி, மேட்சை நடத்தும் நாட்டுக்குத்தான் டிக்கெட் வருமானம். சின்ன டீம் லண்டனுக்குப் போய் 80,000 பேர் முன்னால் ஆடினாலும் அந்த வசூல் அவர்களுக்கு வராது. அப்படியென்றால் பெரிய டீம்கள் இவர்கள் ஊருக்கு வர வேண்டும், இல்லையா? நியூசிலாந்து அணி சமோவா மண்ணில் முதல்முறையாக ஆடியது 2015-ல். எத்தனையோ சமோவா வம்சாவளி வீரர்கள் நியூசிலாந்து ஜெர்சியில் ஆடி முடித்த பிறகு!

நல்ல செய்தியும் உண்டு. 2022-ல் ஃபிஜியின் 'டுருவா' அணியை சூப்பர் ரக்பி லீக்கில் சேர்த்தார்கள். மறு வருஷமே ஃபிஜி லண்டனில் இங்கிலாந்தையும், உலகக்கோப்பையில் ஆஸ்திரேலியாவையும் வென்றது. 2027 உலகக்கோப்பையில் 20-க்குப் பதில் 24 டீம்கள். 2026 முதல் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நேஷன்ஸ் சாம்பியன்ஷிப் என்று புதுப் போட்டி. அந்தப் பத்துப் பெரிய டீம்களோடு ஜப்பானும் ஃபிஜியும் மேல் தட்டில். ஜார்ஜியா, போர்ச்சுகல், சமோவா எல்லாம் கீழ்த் தட்டில்.

கீழேயிருந்து மேலே ஏறும் வழி? 2030-ல்தான் திறக்கும் என்கிறார்கள். கார்டிஃபில் வேல்ஸை ஜெயித்தபோது 22 வயதாக இருந்த ஒரு ஜார்ஜியப் பையனுக்கு அப்போது 30 ஆகியிருக்கும். முட்டி தேய்ந்திருக்கும். மேல்மட்டத்தில் ஆட வேண்டிய வயதில் பாதி, காத்திருந்தே போயிருக்கும். எனக்கு உறுத்துவது இதுதான்.

எங்கள் தெருக் கதையை முடிக்கவில்லையே. நாலாவது வருஷம் எங்கள் தெருவுக்குக் குடிவந்த ஒரு அண்ணன், மெயின் ரோடு டீம் கேப்டனிடம் போய்ப் பேசினார். "பந்து காசு நாங்க குடுத்துடறோம். பத்து வாரம், ஞாயித்துக்கிழமை தோறும் ஆடணும். நாங்க தோத்தாலும் நிறுத்தக் கூடாது." அவர் கேட்டது அவ்வளவுதான். எட்டு வாரம் தோற்றோம். ஒன்பதாவது வாரம் மூன்று ரன்னில் தோற்றோம். பத்தாவது வாரம் மழை, மேட்ச் நடக்கவில்லை.

அடுத்த ஞாயிறு காலையில் வாசலில் ஒரு சைக்கிள் பெல். பார்த்தால் மெயின் ரோடு கேப்டன். "டேய், வரலையா? கிரவுண்டுல எல்லாரும் வெயிட் பண்றாங்க."

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.