கதை கூப்பிடட்டும், கண் பார்க்கட்டும்!

நடுவர் அவர்களே! ‘வானம் பார்க்கிற விழாவிலே புராணக்கதை எதுக்கு?’ன்னு எதிரணி நண்பர் கேட்டார்.

ஐயா, நம்ம வீட்டுப் பெண்கள் கல்யாணத்தன்னிக்கு மண்டபத்துக் கூரையைப் பார்த்து, ‘அருந்ததி தெரியுது’ன்னு பொய்யாத் தலையாட்டினவங்க! (சிரிப்பு) அவங்களை ராத்திரி மைதானத்துக்கு வரவழைக்கிறது அந்தக் கதைதான்.

சப்தரிஷி மண்டலத்து வாலிலே நடு நட்சத்திரம் வசிஷ்டர். ஒட்டினாப்பல மங்கலா அருந்ததி. சுமார் 80 வருஷத்துக்கு முன்னே, பாட்டி காலத்திலே கிளம்பின வெளிச்சம்! தொலைநோக்கியிலே பார்த்தா வசிஷ்டரே ரெண்டு நட்சத்திரம்! அதைச் சொன்னது அறிவியல். ஆனா, தொலைநோக்கிகிட்டே கூட்டிவந்தது கதை.

அன்னிக்குத் தலையாட்டினவள் இன்னிக்கு நிஜமாப் பார்க்கிறாளே, அதுக்காகவாவது கதை வேண்டும் என்று கூறி அமர்கிறேன். (கைதட்டல்)