சான்றிதழுக்குப் பின்: ஊர்ப்புற நலப்பணியாளர் பயிற்சியும் அரசின் செலவும்



மருத்துவர் போகாத ஊர்களுக்கு அவ்வூராரையே பயிற்றுவித்து நலப்பணியில் அமர்த்துவது என்ற எண்ணத்துக்கு இந்திய அரசு அரை நூற்றாண்டாகப் பணம் கொடுத்து வருகிறது. அப்பணம் ஏன் பலமுறை வீணாயிற்று என்பதில்தான் எனக்கும் என் துறை நண்பர்களுக்கும் வழக்கு. இங்குள்ளோர் பலரும் அதை அறிவீர்கள். ஆள் தேர்வு பிழைத்தது, ஊர்த்தலைவர்கள் தம் உறவினரை நுழைத்தார்கள், அதனால் திட்டம் கெட்டது என்பது அவர்கள் கட்சி. தேர்வில் பிழை இருந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் மிகச் சரியான ஆளைத் தேர்ந்திருந்தாலும் திட்டம் கெட்டிருக்கும் என்பது என் கட்சி. பயிற்சி என்பது சான்றிதழ் வழங்கும் நாளோடு முடிந்துவிடும் ஒரு செலவு என்று அரசு கணக்கு எழுதியது. நோய் அந்தக் கணக்கின்படி வருவதில்லை.

1977ஆம் ஆண்டு ஊர்ப்புற நலப்பணியாளர் திட்டத்தை விரிவாகப் பார்க்க வேண்டும். சிறீவாஸ்தவ் குழு 1975இல் அளித்த அறிக்கை, ஊருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் நடுவே ஊர்மக்களிலிருந்தே எடுத்த பகுதிநேரப் பணியாளர் ஓர் அடுக்காக இருக்க வேண்டும் என்றது. மொரார்ஜி தேசாய் அமைச்சரவையில் ராஜ் நாராயண் சுகாதாரத் துறையை ஏற்றிருந்தபோது, 1977 அக்டோபர் 2 அன்று திட்டம் தொடங்கியது. ஆயிரம் பேருக்கு ஒருவர். அவ்வூரிலேயே நிலையாக வாழ்பவர். ஆறாம் வகுப்பு வரையாவது படித்தவர். நாளுக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஒதுக்கக்கூடியவர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் 3 மாதங்களில் 200 மணி நேரப் பயிற்சி. ஆரம்ப சுகாதாரம் பற்றிய உலக மாநாடு அல்மா அட்டாவில் கூடுவதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பே, இவ்வளவு பெரிய நாடு இப்படியொரு முயற்சியில் இறங்கியது. அத்துணிவை இன்றும் மதிக்கிறேன். அதனாலேயே அதன் கணக்கைக் கறாராகப் பார்க்கிறேன்.

கணக்கு இதுதான். பயிற்சிக் காலத்தில் மாதம் 200 ரூபாய் உதவித்தொகை, மூன்று மாதத்துக்கு 600. பணியில் சேர்ந்தபின் மாதம் 50 ரூபாய் மதிப்பூதியம், ஆண்டுக்கு 600. மருந்துக்கு ஆண்டுக்கு 600. மூன்று அறுநூறுகள். பயிற்சி முடித்தவரிடம் ஆசிரியர் மாதம் ஒருமுறையாவது திரும்பிச் சென்று, அவர் பார்த்த நோயாளிகளைப் பற்றிக் கேட்டு, தவறியதைத் திருத்துவதற்கு இம்மூன்றில் எதிலும் காசில்லை. தொழில்நுட்ப மேற்பார்வையைத் துணை நிலையத்துப் பல்நோக்குப் பணியாளர் பார்த்துக்கொள்வார் என்று ஏட்டில் இருந்தது. அந்தப் பல்நோக்குப் பணியாளர் யார்? கர்த்தார் சிங் குழுவின் 1973ஆம் ஆண்டுப் பரிந்துரையின்படி, அதுவரை மலேரியாவுக்கோ அம்மைத் தடுப்புக்கோ தனித்தனியே வேலை செய்தவர். எல்லா வேலையையும் தாமே செய்யும்படி அப்போதுதான் மாற்றிப் பயிற்றுவிக்கப்பட்டுக்கொண்டிருந்தார். தாமே மாணவராக இருந்தவரை ஆசிரியராக்கியது அந்தத் திட்டம்.

200 மணி நேரத்தில் எதைக் கற்பிக்க முடியும்? வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கலக்கக் கற்பிக்கலாம். எந்தக் குழந்தையை உடனே வண்டியேற்றி அனுப்ப வேண்டும் என்று கண்டறியும் பழக்கத்தை வகுப்பறையில் ஊட்ட முடியாது. வறண்ட நாக்கையும் குழிந்த கண்ணையும் பலமுறை பார்த்து, ஒவ்வொரு முறையும் அறிந்தவர் ஒருவரிடம் சரிபார்த்துக்கொண்டால்தான் அது வரும். அந்த வாய்ப்பு இல்லாதவர் கையில் மருந்துப்பெட்டியும் சான்றிதழும் இருந்தால் என்ன ஆகும்? தெரிந்த நாலு மாத்திரையை எல்லா நோய்க்கும் கொடுக்கத் தலைப்படுவார். ஊரார் அவரைச் சிறிய மருத்துவராகப் பார்க்கத் தொடங்குவார்கள். திட்டத்தைக் குறைகூறியவர்கள் அப்போதே இதைச் சொன்னார்கள். அதை அவர்கள் ஆளின் பேராசை என்று படித்தார்கள். கற்றல் பாதியில் நின்றுபோனதன் விளைவு என்று நான் படிக்கிறேன். பின்னர் 1980இலும் 1981இலும் திட்டத்தின் பெயர் மாறியது. செலவு முழுவதையும் மத்திய அரசே ஏற்றது. 1980களின் நடுவில் ஆண்களுக்குப் பதிலாகப் பெண்களை அமர்த்தச் சொல்லி ஆணை வந்தது. ஐம்பது ரூபாய் மட்டும் ஐம்பது ரூபாயாகவே நின்றது. ஆளை மாற்றிப் பார்த்த அரசு, செலவின் அமைப்பை மாற்றிப் பார்க்கவில்லை. என் நண்பர்களின் கட்சிக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டுமா?

இதே காலத்தில் மகாராட்டிரத்தின் அன்றைய அகமதுநகர் மாவட்டத்தில், ஜாம்கேட் என்ற வறண்ட ஊரில், 1970 முதல் ரஜனிகாந்த் அரோலேயும் மேபல் அரோலேயும் நடத்திய பணியை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இருவரும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் படித்தவர்கள். 1979இல் மகசேசே விருது பெற்றவர்கள். அவர்கள் தேர்ந்த பெண்களுள் பலர் எழுத்தறியாதவர்கள். ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்தவர்களும் நிறையப் பேர். ஆறாம் வகுப்பு என்ற அரசின் வாசலைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் வாரந்தோறும் ஜாம்கேட்டுக்கு வந்தார்கள், இரவு தங்கினார்கள், அந்த வாரம் தத்தம் ஊரில் கண்டதைச் சொன்னார்கள், கற்றார்கள், திரும்பினார்கள். அப்பயிற்சிக்கு முடிவுநாள் இல்லை. ஆள் தகுதியே அடிப்படை என்றால் ஜாம்கேட் தோற்றிருக்க வேண்டும்; ஆறாம் வகுப்புப் படித்தவர் வென்றிருக்க வேண்டும்.

அது ஒரு தம்பதியின் தனித்திறமை, அரசால் இயலாது என்ற மறுப்பு உடனே எழும். தமிழ்நாட்டைப் பார்த்து இதற்கு விடை சொல்லலாம். சிற்றளவு சுகாதார மையங்கள் என்ற மாற்று ஏற்பாடு இருந்ததால், தமிழ்நாடு அந்த மத்தியத் திட்டத்தில் சேரவில்லை. இங்கே ஊரின் முதல் ஆள் கிராம சுகாதார செவிலியர். சமவெளியில் ஐயாயிரம் பேருக்கும் மலைப்பகுதியில் மூவாயிரம் பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம். மாதச் சம்பளம் பெறும் அரசுப் பணியாளர் அவர். அவருக்கு மேலே பகுதி சுகாதார செவிலியர், அதற்கும் மேலே சமுதாய சுகாதார செவிலியர். அடியிலிருந்து பதவி உயர்ந்து வந்தவர் மேற்பார்க்கும்போது, எந்தத் தெருவில் எந்த வீட்டில் தடுப்பூசி தவறும் என்பது அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இதுவும் குறையற்றதன்று. குடும்பக்கட்டுப்பாட்டு இலக்குகள் ஆண்ட காலத்தில் ஆய்வுக் கூட்டம் என்பது எண்ணிக்கை கேட்கும் கூட்டமாயிற்று; இன்று கர்ப்பிணிகள், சிசுக்கள் பற்றிய விவரங்களைக் கணினியில் ஏற்றும் பிக்மி பதிவேற்றம் கிராம சுகாதார செவிலியருடைய நாளில் பெரும்பங்கைத் தின்கிறது. மேற்பார்வைக்குப் பணம் ஒதுக்கினால் மட்டும் போதாது, அது கற்பிக்கும் மேற்பார்வையாக இருக்க வேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

ஆஷா எனப்படும் ஊர்ப்புற நலப்பணியாளர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2005இல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் பழைய பாடத்தில் பாதியைக் கற்றிருந்தது. பெண்களையே தேர்ந்தது, ஓராண்டில் 23 நாள் பயிற்சியைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தது, பின்னாளில் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் இணையர் நிறுவிக்காட்டிய வீட்டுவழிச் சிசுப் பராமரிப்பையும் சேர்த்துக்கொண்டது. ஊதியத்தில் மட்டும் வேலைக்கு இவ்வளவு என்ற கணக்கு நிலைத்துவிட்டது. எந்த வேலைக்குத் தொகை உண்டோ அந்த வேலை நடக்கும். கற்றுக்கொள்வதற்கும், தொகை இல்லாத நோயாளியோடு உட்கார்ந்து பேசுவதற்கும் யார் தருவார்?

பயிற்சி பெற்றவர் நகரத்துக்கு ஓடிவிடுவார் என்பது இன்னொரு மறுப்பு. மருத்துவர் விசயத்தில் தமிழ்நாட்டின் அனுபவம் வேறு: அரசுப் பணியில் இருப்போர்க்கு மேற்படிப்பில் இடம் ஒதுக்கியதால், பணியில் இருத்தலே கற்பதற்கு வழியாயிற்று. 2020 ஆகஸ்டு 31 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, அப்படித் தனி வாயில் அமைக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டென்று உறுதி செய்தது. செவிலியர்க்கும் தன்னார்வலர்க்கும் இதே முறையை நீட்டிப்பது பற்றி நாம் பேசக்கூடத் தொடங்கவில்லை.

இளம் ஆய்வாளர்க்குச் சில வேலைகளைச் சுட்டுகிறேன். சிற்றளவு சுகாதார மையங்களின் வரலாற்றை ஆவணங்களிலிருந்து யாராவது முழுமையாக எழுத வேண்டும். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற தமிழ்நாடு அரசுத் திட்டத்தின் பெண் சுகாதாரத் தன்னார்வலர்களுக்கு முதற்பயிற்சிக்குப் பின் என்ன கற்பிக்கப்படுகிறது என்று ஊர் ஊராகப் பார்க்க வேண்டும். பழங்குடிப் பகுதிகளில் பயிற்றுமொழி எது என்பதும் ஆராயத்தக்கது. மாநில வரவுசெலவு ஏடுகளில் முதற்பயிற்சிச் செலவையும் தொடர்பயிற்சிச் செலவையும் பிரித்துக் காட்டும் ஒரு பட்டியலையேனும் யாராவது ஆக்கித் தர வேண்டும்.

நிதித்துறையினரிடமும் நலத்துறையினரிடமும் ஒன்றே கேட்கிறேன்: அடுத்து எந்தப் பெயரில் திட்டம் வந்தாலும், பயிற்சிக்கென ஒதுக்கும் தொகையில் பாதியையாவது சான்றிதழ் வழங்கிய நாளுக்குப் பிறகு செலவிடும்படி எழுதிவையுங்கள்.