முன்தீர்ப்பு

(திருவெண்ணெய்நல்லூரில் நடந்த கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



'பிரெஜுடிஸ்' என்று ஒரு இங்கிலீஷ் வார்த்தை. தமிழில் தப்பெண்ணம் என்கிறோம், பாரபட்சம் என்கிறோம். தப்பெண்ணம்னு சொன்னா அது ஏதோ மனசுக்குள்ள இருக்கிற கோளாறு, நாலு நல்ல புத்தி சொன்னா சரியாப் போயிடும் என்று ஆகிவிடுகிறது. அந்தச் சொல் பிறந்த இடம் மனசு இல்லை, நீதிமன்றம்.

லத்தீனில் 'ப்ரே' என்றால் முன். 'யூதிகியும்' என்றால் விசாரணை, தீர்ப்பு. ரெண்டும் சேர்ந்தால் முன்தீர்ப்பு. பழைய ரோமில் பெரிய வழக்குக்கு முன்னால் ஒரே ஒரு கேள்வியை மட்டும் தீர்த்துக்கொள்ள நடத்திய விசாரணைக்கு இந்தப் பேர். என்ன கேள்வி? இந்த ஆள் சுதந்திரமானவனா, அடிமையா, விடுதலை பெற்ற அடிமையா என்பது அவற்றில் முக்கியமானது. முதல்ல ஆள் யாருன்னு முடிவு பண்ணு, அப்புறம் அவன் பேச்சைக் கேளு. அதனால் வருகிற பாதகத்துக்கும் அதுவே பேராயிற்று; பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கும் போனது. வக்கீல் நோட்டீசில் 'வித்அவுட் பிரெஜுடிஸ்' என்று போடுவது அந்தப் பொருளில்தான். கேட்காமலே கட்டிவைத்த முடிவு என்ற அர்த்தமும் சேர்ந்துகொண்டது.

இதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. ஒருவன் அடிமையா இல்லையா என்ற வழக்கு நடந்ததாகப் பெரியபுராணம் சொல்வது இந்தத் திருவெண்ணெய்நல்லூர் சபையில்தான். சுந்தரர் கல்யாணப் பந்தலில் ஒரு கிழப்பார்ப்பனர் வந்து, இவன் என் அடிமை, ஓலை இருக்கு என்கிறார். அந்தணன் அந்தணனுக்கு அடிமையா என்று சுந்தரர் சிரிக்கிறார். சபைக்கு வந்தால் சபையாரும் அதையே சொல்கிறார்கள்: மறையவர் அடிமையாவது இந்த உலகத்தில் இல்லை. விசாரணைக்கு முன்னாலேயே தீர்ப்பு வந்தாச்சு!

ஆனாலும் அந்தச் சபை விசாரித்தது. அனுபோகம் காட்டு, ஆவணம் காட்டு, சாட்சி காட்டு, மூணுல ஒண்ணு காட்டு என்றது. சுந்தரர் கிழித்தது நகல்தான் என்று கிழவர் மூல ஓலையை எடுத்தார். பாட்டன் கையெழுத்தை வேறொரு ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதன் பிறகே தீர்ப்புச் சொன்னார்கள். வந்த கிழவர் சிவன் என்பது பக்தர்கள் வாசிப்பு. நமக்கு வேறு வாசிப்பு உண்டு. ஒரு அந்தணனை அடிமையென்று ஒப்புக்கொள்ள ஓலை, நகல், மூலம், கையெழுத்து எல்லாம் தேவைப்பட்டது. அதுவும் கடவுளே வந்து வாதாட வேண்டியிருந்தது.

நம்ம பாட்டன் பூட்டனுக்கு? அவர்களையும் ஓலையில் எழுதி விற்றார்கள். நிலத்தோடு சேர்த்தும் எழுதிக்கொடுத்தார்கள். பறையன், பள்ளன் அடிமையாவது உலகத்தில் உண்டா என்று திகைத்த சபை ஒன்றைப் புராணம் பாடவில்லை. அவன் பிறப்பே ஆவணம். 1843ஆம் வருஷத்து ஐந்தாம் சட்டம், அடிமையுரிமையை இனி நீதிமன்றங்கள் அங்கீகரிக்காது என்றது. ஓலை செத்தது, முன்தீர்ப்பு சாகவில்லை.

வெண்மணியைப் பாருங்கள். 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் குடிசைக்குள் எரிந்தார்கள். 1970இல் நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடுவையும் மற்றவர்களையும் தண்டித்தது. மேல்முறையீட்டில் சென்னை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. நிலபுலமும் காரும் வைத்திருக்கிற பணக்காரர்கள், வேலைக்காரர் துணை இல்லாமல் தாங்களே நடந்துபோய்க் குடிசைக்கு நெருப்பு வைத்திருப்பார்கள் என்று நம்பக் கஷ்டமாக இருக்கிறதாம். மறையவர் அடிமையாவது உலகத்தில் இல்லை என்றதற்கும் மிராசுதார் நெருப்பு வைப்பது உலகத்தில் இல்லை என்றதற்கும் என்ன வித்தியாசம்? யார் என்பது முதலில் முடிவாகிவிடுகிறது. என்ன நடந்தது என்பது அதற்கப்புறம்தான்.

நான் மனு எடுத்துக்கொண்டு ஒரு காவல் நிலையத்துக்குப் போயிருக்கிறேன். மனுவைப் பிரிப்பதற்கு முன்னாடி வந்த கேள்வி: "ஊரா, காலனியா?" அந்த ரோமாபுரிக் கேள்விக்கு நம்ம மாவட்டத்து மொழிபெயர்ப்பு இது.

கடைசியாக ஒன்று. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், வழக்குப் பதிவதற்கு முன் முதற்கட்ட விசாரணை வைக்கலாம் என்று 2018 மார்ச்சில் உச்சநீதிமன்றம் சொன்னது. மற்றக் குற்றம் நடந்தால் முதலில் குற்றத்தைப் பார்ப்பார்கள். நாம் புகார் கொடுத்தால் முதலில் நம்மைப் பார்ப்பார்கள் என்றுதான் அதற்கு அர்த்தம். ஏப்ரல் 2ஆம் தேதி நாடு முழுக்கத் தெருவில் இறங்கினோம். உயிரும் கொடுத்தோம். அதே வருஷம் நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்தது: முதல் தகவல் அறிக்கை பதிய முதற்கட்ட விசாரணை தேவையில்லை. 2020இல் உச்சநீதிமன்றமும் அந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது.

ஆகவே தோழர்களே, தப்பெண்ணத்தைத் திருத்துங்கள் என்று எவர் மனசையும் நாம் கெஞ்ச வேண்டியதில்லை. நம்மைப் பற்றிய முன்தீர்ப்பு எழுதப்படாத தீர்ப்பு. எழுதாத தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. அதனால் எழுதச் சொல்லுங்கள். மனுவை எழுதிக் கொடுங்கள், ரசீது கேளுங்கள், எஃப்.ஐ.ஆர். நகலைக் கையில் வாங்காமல் திரும்பாதீர்கள். ஊரா காலனியா என்று எவனாவது கேட்டால், 18ஏ என்று பதில் சொல்லுங்கள்.