முன் சக்கரங்களுக்கு ஓய்வு



இரண்டாவது உலக மகா யுத்தத்தின்போது அமெரிக்க ராணுவத்தின் ஏடுகளில் 'கால் டன் ட்ரக்' என்று பதிவாகி, பிறகு ஜீப் என்ற பெயரால் உலகமெங்கும் பிரசித்தி பெற்ற வண்டியைப் பாராதவர்கள் உங்களில் அநேகமாக இருக்கமாட்டார்கள். 1941 முதல் 1945 வரை வில்லிஸ், போர்டு ஆகிய இரு கம்பெனிகளுமாக 6 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைச் செய்தன. யுத்தம் ஓய்ந்தபின் மஹீந்திரா கம்பெனியார் பம்பாயில் அதே வம்சத்து வண்டிகளைப் பூட்டி விற்கலானார்கள். அவற்றின் சந்ததிகள்தாம் போடிமெட்டுக் கொண்டையூசி வளைவுகளில் ஏலத்தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு முனகியபடி ஏறுகின்றன. இத்தகைய வண்டியைப் பாட்டனார் காலத்திலிருந்து காப்பாற்றி வருகிறவர்கள் என் பட்டறைக்கு வந்து, "மலைக்குப் போவதையே விட்டாயிற்று, தார் ரோட்டில்தான் ஓட்டுகிறோம், முன் சக்கரங்களுக்கு எதற்கு விசை? எல்லாவற்றையும் கழற்றிப் பின் சக்கரத்தால் மட்டும் ஓடும்படி செய்து கொடுங்கள்" என்று கேட்பது சகஜம்.

கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. முன் விசைக்கான லீவரை விடுவித்துவிட்டால் எஞ்சினின் சக்தி முன்பக்கம் போவதில்லை என்பது உண்மையே. ஆனாலும் தரையில் உருளும் முன் சக்கரங்கள், தம்மோடு ஆக்ஸில்களையும், கிரௌன் பினியனையும், முன் ப்ரொப்பல்லர் ஷாஃப்டையும் வீணே சுழற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. இதனால் பெட்ரோல் கொஞ்சம் விரயம், தேய்மானம் கொஞ்சம், இரைச்சல் நிறைய.

ஆகவே கழற்றலாமா? அதற்கு முன்னால், நேயர்களே, வண்டியின் வயிற்றுக்கு அடியில் உள்ள ஒரு பெட்டியைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். எனக்கு ஒதுக்கியிருக்கும் நேரத்தில் பெரும்பகுதி அதற்கே போனாலும் பாதகமில்லை.

கியர் பாக்ஸின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த வார்ப்பிரும்புப் பெட்டிக்கு டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று பெயர். எஞ்சினிலிருந்து வரும் சுழற்சி மேல்தட்டில் ஒரு பல்சக்கரத்தின் வழியாக நுழைந்து, நடுவில் ஓர் இடைச்சக்கரத்துக்கு இறங்கி, அங்கிருந்து வலப்புறமாகக் கீழ்த்தட்டுக்கு வந்து, முன்னுக்கு ஒரு கையும் பின்னுக்கு ஒரு கையுமாகப் பிரிந்து போகிறது. யுத்தகாலத்து ஜீப்பின் முன் கிரௌனும் பின் கிரௌனும் நடுவில் இல்லாமல் வலப்பக்கம் ஒதுங்கி நிற்பதற்கு இதுவே காரணம். சக்தியைப் பங்கிடுவது மட்டுமா இதன் வேலை? வேகமானியை ஓட்டும் சிறு பல்சக்கரம் குடியிருப்பது இதற்குள்ளேதான். இதன் பின்வாயில் ஒரு டிரம் இருக்கிறது. அதைச் சுற்றிலும் ஒரு பட்டை இறுகப் பற்றுவதுதான் அந்த வண்டிக்கு ஹேண்ட் பிரேக். டிரம் சிறியதுதானே என்று நினைக்காதீர்கள். அது பிடிப்பது சக்கரத்தை அன்று, சக்கரத்தை ஓட்டும் ஷாஃப்டை. பின் கிரௌனின் விகிதம் 4.88 ஆகையால் அந்தப் பட்டையின் பிடி அத்தனை மடங்கு பெருகிச் சக்கரத்தைச் சென்று சேர்கிறது. இவ்வளவு சிக்கனமான யோசனையைச் செய்தவர்களை நான் மனத்துக்குள் கும்பிடாத நாளில்லை.

இந்தப் பெட்டியை அநாவசியமென்று தூக்கி எறிந்து, வேறு காரின் பின் ஆக்ஸிலைப் பூட்டிய ஜீப் ஒன்று போடியிலிருந்து என்னிடம் வந்தது. வேலையைச் செய்தது வேறொரு பட்டறை. வேகமானி முள் அசையவில்லை. ஹேண்ட் பிரேக் லீவரை இழுத்தால் அது வெறும் இரும்பாய் எழுந்து வந்தது. சரிவில் வண்டி நின்றபோதெல்லாம் வண்டிக்குச் சொந்தக்காரரான பெரியவரின் பேரன் கீழே குதித்துச் சக்கரத்துக்கு அணைகட்டை வைத்துக்கொண்டிருந்தான். நல்லவேளையாகப் பழைய பெட்டியும் ஆக்ஸிலும் அவர்கள் வீட்டுக் கொட்டகையில் சாக்குக்கு அடியில் கிடந்தன. மறுபடி பூட்டி, பட்டறை எதிரில் உள்ள மேட்டில் வண்டியை நிறுத்தியதும், அந்தப் பெரியவர் லீவரை இழுப்பதும் விடுவிப்பதுமாக வெகுநேரம் இறங்காமலே உட்கார்ந்திருந்தார்.

ஆதலால் என் அபிப்பிராயம் இது: அங்கஹீனம் செய்யவேண்டாம், ஓய்வு கொடுங்கள். இந்த உபாயத்தை யுத்தம் முடிந்த கையோடு கண்டவர்களுள் முக்கியமானவர் ஆர்தர் வார்ன். 1948-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் அவர் தொடங்கிய கம்பெனி, ராணுவம் கழித்துவிட்ட ஜீப்புகளை ஊர்ச்சாலைக்குப் பொருத்தமாக்குவதற்கென்றே பூட்டித் திறக்கும் ஹப்புகளைச் செய்தது. ஜீப்பின் முன் சக்கரத்தைத் தாங்குவது ஆக்ஸில் அன்று, தனியான பேரிங்குகள்தாம். ஆக்ஸிலையும் சக்கரத்தையும் பிணைப்பது, வெளியே ஆறு போல்ட்டுகளால் இறுக்கிய ஒரு பில்லை மாத்திரமே. தொப்பியை எடுத்து, முனையிலுள்ள நட்டைக் கழற்றி, ஆறு போல்ட்டையும் தளர்த்தினால் பில்லை வந்துவிடும். பழைய காகிதப் பாக்கிங் பசையாகப் பிடித்திருந்தால் மரச் சுத்தியலால் சுற்றிலும் மெதுவாகத் தட்டவேண்டும், உளியைச் செருகலாகாது. உள்ளே இருக்கும் பேரிங் நட்டுகளைத் தொடவேண்டாம். பில்லை இருந்த இடத்தில் அந்த ஹப்பைப் பொருத்தித் திறந்து வைத்துவிட்டால், சக்கரம் தனியே உருளும். ஆக்ஸிலும் கிரௌனும் ஷாஃப்டும் அசையாமல் கிடக்கும். மழைக்காலத்தில் சேற்றில் இறங்க நேர்ந்தால், கையால் திருகிப் பூட்டிக்கொள்ளலாம்.

ஒரே ஓர் எச்சரிக்கை. யுத்தகாலத்து ஜீப்பில், முன் விசையைச் சேர்க்காமல் டிரான்ஸ்ஃபர் கேஸின் தாழ்ந்த கியருக்குப் போகமுடியாதபடி உள்ளே ஒரு தடை வைத்திருந்தார்கள். முதல் கியர் 2.665, தாழ்ந்த விகிதம் 1.97, கிரௌன் 4.88, மூன்றையும் பெருக்கினால் எஞ்சினின் முறுக்கு ஏறக்குறைய 26 மடங்காகிறது. அதை இரண்டு ஆக்ஸில்கள் பங்கிட்டுக்கொள்ளவேண்டும் என்பதே அவர்கள் கருத்து. ஹப் திறந்திருக்கையிலும், முன் விசையின் லீவரைச் சேர்த்துவிட்டால் தாழ்ந்த கியர் தடையின்றி விழும். பாரம் முழுவதும் பின் ஆக்ஸிலின் தலையில் விழுந்து அது முறியக்கூடும். ஹப்பைப் பூட்டாமல் தாழ்ந்த கியரைத் தொடாதீர்கள்.

முன் ஆக்ஸிலையே மாற்றி வெறும் தண்டைப் பூட்டுவது பற்றிச் சொல்ல நேரமில்லை. ஸ்டியரிங்கின் கோணங்கள் கெட்டுப்போகும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு பதிவான வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது, கைவைக்குமுன் ஆர்.டி.ஓ. ஆபீசில் விசாரித்துக்கொள்ளுங்கள். கழற்றிய பில்லைகளையும் போல்ட்டுகளையும், அவற்றுக்கு அடியில் மெல்லிய தகடுகள் இருந்தால் அவற்றையும், கிரீஸ் தடவித் துணியில் சுற்றி, இடது வலது என்று எழுதி, வண்டியின் ஸீட்டுக்கு அடியிலேயே வைத்துவிடுவீர்கள் என்று நம்பி விடைபெறுகிறேன்.