பின்னால் வரும் சின்ன வார்த்தை

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

பத்தாவது படித்தவள் இங்கிலீஷ் பற்றிப் பேச வந்துட்டாளே என்று பார்க்காதீங்க. நான் சொல்லப் போவது உங்களுக்கும் பாதி தெரிந்த விஷயம்தான்.

செக்கப், டாப் அப், பிக்கப், கட் ஆஃப், பிரேக் டவுன். ஆவடி பஸ் ஸ்டாண்டில் கால் மணி நேரம் நின்றால் இத்தனையும் காதில் விழும். முன்னால் ஒரு வினைச்சொல், பின்னால் அப், ஆஃப், அவுட், டவுன் என்று ஒரு சின்ன வார்த்தை. ரெண்டும் சேர்ந்தால் அர்த்தமே மாறிடும். பள்ளிக்கூடத்தில் இதை ஃப்ரேசல் வெர்ப் என்கிறார்கள். எட்டாவது படிக்கிற என் பொண்ணு மனப்பாடம் பண்ணும்போது நானும் கூட உட்கார்ந்து படித்தேன்.

'கிவ்' என்றால் கொடு, 'அப்' என்றால் மேலே. ஆனால் 'கிவ் அப்' என்றால் கைவிடுவது. 'கிவ் இன்' என்றால் விட்டுக்கொடுப்பது. "இதென்னம்மா அநியாயம்?" என்று கேட்டாள். நம்ம தமிழ் மட்டும் என்னவாம்? சொல்லிக்கொடு, விட்டுக்கொடு, காட்டிக்கொடு. எல்லாத்திலும் கொடு இருக்கு, கையில் எதைக் கொடுக்கிறோம்? 'கொடு'வோடு சேரும் வார்த்தை நமக்கு முன்னால் வருது, 'கிவ்'வோடு சேருவது அவங்களுக்குப் பின்னால் வருது. அதனால் பிரித்துப் பிரித்து அர்த்தம் தேடாமல், முழுசாக ஒரே வார்த்தையாகப் படிக்கணும்.

ரொம்பப் படுத்துவது இந்த 'ஆஃப்'தான். நமக்கு ஆஃப் என்றால் ஃபேனை அணைப்பது. (நம்ம ஆம்பளைங்களுக்கு வேறே ஒரு ஆஃப் தெரியும், அதை விடுங்க.) பயிற்சி வகுப்பு 'புட் ஆஃப்' என்று மெசேஜ் வந்தால், தள்ளி வைத்திருக்கிறார்கள், இன்னொரு நாள் நடக்கும். 'கால் ஆஃப்' என்றால் ரத்து.

என் வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கிறார். ஆர்டர் குறைந்த சமயம் அவர் கம்பெனியில் 'லே ஆஃப்' என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். போனில் அமெரிக்காக் கம்பெனிச் செய்தி பார்க்கிற பக்கத்து வீட்டுத் தம்பி, "வேலையே போச்சுண்ணா" என்று சொல்லிவிட்டான். அந்த ராத்திரி வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. அங்கே அந்த வார்த்தைக்கு இப்போ அதுதான் அர்த்தம். நம்ம நாட்டுச் சட்டப்படி, லே ஆஃப் என்றால் கொடுக்க வேலை இல்லாமல் தற்காலிகமாக நிறுத்தி வைப்பது. பேர் மஸ்டர் ரோலில் அப்படியே இருக்கும். 50 பேருக்குக் குறையாத தொழிற்சாலையில் ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு, அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி தரணும். ஆளையே எடுப்பதற்கு வேறே பேர், ஆட்குறைப்பு. யூனியனில் விசாரித்து இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. அதே 'லே' பின்னால் 'அவுட்' வந்தால், திருமழிசைப் பக்கம் போர்டு போர்டாக நிற்கிறதே, மனை பிரித்த இடம், அது.

எங்க மாமனாரும் எஸ்டேட்காரர்தான். பேத்தி போனை வைத்துக்கொண்டு "லாக் அவுட் பண்ணிட்டேன் தாத்தா" என்றால், "எந்தக் கம்பெனியிலே?" என்று எழுந்து உட்காருவார். அவர் காலத்து லாக் அவுட் கதவடைப்பு!

இப்போ நம்ம குழுக்களுக்கு முக்கியமான வார்த்தைக்கு வருகிறேன். 2021-ல் கூட்டுறவு வங்கியில் வாங்கிய குழுக் கடன் தள்ளுபடி என்று அரசு அறிவித்தது நினைவிருக்கும். அதற்கு இங்கிலீஷில் 'வேவர்'. தள்ளுபடி ஆன கடனைக் கட்ட வேண்டாம். 'ரைட் ஆஃப்' அது இல்லை. வராத கடனை வங்கி தன் கணக்கில் நஷ்டம் என்று எழுதி ஒதுக்கி வைப்பதுதான் அது. வாங்கியவர் கட்ட வேண்டிய பாக்கி போகாது, வங்கி எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம்.

எனக்குத் தெரிந்த ஒரு அக்காவிடம், அவர் தனியாக வாங்கிய கடன் 'ரைட் ஆஃப்' ஆயிடுச்சு என்று யாரோ சொல்ல, தீர்ந்தது என்று நிம்மதியாக இருந்துவிட்டார். ரெண்டு வருஷம் கழித்துத் தையல் மெஷினுக்குக் கடன் கேட்கப் போனால், சிபில் ரிப்போர்ட்டில் அந்த வார்த்தை அப்படியே நிற்குது. கடன் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போ பழைய பாக்கியை மாசாமாசம் கட்டி வருகிறார். முடிந்ததும் பாக்கி இல்லை என்று எழுத்தில் கடிதம் வாங்கச் சொல்லியிருக்கேன்.

எங்க குழுவில் சேமிப்புப் பணம் எண்ணி முடித்ததும் ரெண்டு வார்த்தை எடுப்போம். ஆளுக்கு ஒரு வாக்கியம், அவங்கவங்க வீட்டு விஷயத்தை வைத்தே சொல்லணும். 'ரன் அவுட்' என்றதும் எல்லாரும் கிரிக்கெட் என்றார்கள். ஒருத்தி மட்டும், "கேஸ் ரன் அவுட், வாசல்ல நாத்தனார்" என்றாள். தீர்ந்துபோச்சு என்று அர்த்தம், சரியாகச் சொன்னாள். இதுவரை 64 வார்த்தை சேர்ந்திருக்கு. நோட்டு என் பையில்தான் இருக்கு, சாப்பாட்டு வேளையில் வந்து எழுதிக்குங்க.